சம்பளம் தயிர் சாதம்... கிம்பளம் எலி!

'பூனை என்ன சாப்பிடும்?' என்று நம்ம ஊரில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். யோசிக்காமல் 'பால்' என்பார்கள். இன்னும் கொஞ்சம் அக்கறையானவராக இருந்தால் 'தயிர் சாதம்' என்பார். 'எங்க பாட்டி வீட்டுப் பூனை பதினாலு வருஷம் தயிர் சாதம் சாப்பிட்டே இருந்துச்சு சார்!' என்று சாட்சி வேறு சொல்வார்.

பாட்டி பொய் சொல்ல மாட்டாள். ஆனால், பாட்டியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பெரிய வரவு எழுதாமல் விட்டுப் போயிருக்கிறது. அந்த விடுபட்ட வரவைக் கண்டுபிடிக்க, பி.காம். படித்த எனக்கு ஒரு கால்நடை டாக்டர் தேவைப்பட்டார்!

நான் இருப்பது காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் பக்கம். தறிச் சத்தம்தான் எங்கள் தெருவுக்கு அலாரம். பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்த பெரியம்மா, போன வருஷம் மகளோடு இருக்க பெங்களூர் போனார். அங்கே ஃப்ளாட்டில் பூனை கூடாதாம். 'ஒரு வாய் தயிர் சாதம் போட்டா போதும்ப்பா, பாட்டுக்கு இருப்பான்' என்று சொல்லி, ஐந்து வயசுப் பூனையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆட்டோ ஏறினார். பூனையின் பெயர் ஜரிகை. வெயிலில் படுத்தால் உடம்பு தகதகவென்று மின்னும். அதனால் அந்தப் பெயர்.

ஜரிகை தெருவே அறியாத பூனை. தெருவில் இறங்கினால் ஆட்டோ. வீட்டுக்குள் தறிப் பக்கம் போனால் நூல். இரண்டுக்கும் பயந்து பெரியம்மா ஒரே அறையில் வைத்து வளர்த்திருந்தார். நூலுக்குப் பயந்தது ரொம்ப நியாயம். பூனையின் நாக்கில் உள்பக்கம் பார்த்த முட்கள் உண்டு. நூல் வாய்க்குள் போய்விட்டால் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் முடியும். நீளமான நூல் குடலுக்குள் போனால், சுருக்குப் பையின் கயிற்றை இழுத்த மாதிரி குடலையே சுருட்டிவிடும். அப்புறம் ஆபரேஷன்தான். ஆக, காஞ்சிபுரத்துப் பூனை சாப்பிடக் கூடாத பொருட்களில் நம்பர் ஒன், பட்டு நூல்!

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஜரிகையிடம் ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஜன்னல் திண்டுக்குத் தாவினால் அரை அடி முன்னால் விழுந்தான். மாலையில் விளக்குப் போடுவதற்கு முன்னால் நடந்தால் சுவரில் மீசை உரசிக்கொண்டே போனான்.

'வயசாயிடுச்சுடா' என்றாள் அம்மா.

'அஞ்சு வயசும்மா. நம்ம கணக்குக்கு அவன் என்னைவிடக் கொஞ்சம் பெரியவன், அவ்வளவுதான்.'

'அதான் சொல்றேன், வயசாயிடுச்சு!'

டாக்டரிடம் கொண்டு போனேன். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வி, 'என்ன சாப்பாடு?' பெரியம்மா ஒப்படைத்துவிட்டுப் போன மெனுவை ஒப்பித்தேன். காலையில் பால், மதியம் தயிர் சாதம், ராத்திரி பால் சாதம் இல்லாவிட்டால் இட்லி. விசேஷ நாளில் நெய் சொட்டச் சொட்ட சர்க்கரைப் பொங்கல்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். 'விழித்திரை ரெண்டு கண்ணிலும் தேய்ஞ்சிருக்கு. இருதயத்தையும் ஸ்கேன் எடுத்துடலாம்' என்றார். எடுத்தோம். இருதயம் பெருத்து, சுவர் மெலிந்து, பழைய பலூன் மாதிரி இருந்தது. 'டாரின் பற்றாக்குறை. அஞ்சு வருஷமா வரவே இல்லாம செலவு மட்டும் ஆயிருக்கு' என்றார். கணக்குப் பாஷையில் சொன்னால் எனக்கு உடனே புரிந்துவிடும்.

டாரின் என்பது ஒரு அமினோ அமிலம். 1827ல் ஜெர்மனியில் டீட்மன், மெலின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எருதின் பித்தநீரில் கண்டுபிடித்தார்கள். எருதுக்கு லத்தீனில் 'டாரஸ்', அதனால் டாரின். நம் உடம்பு இதைத் தானே ஓரளவு தயாரித்துக்கொள்கிறது. நாயும் அப்படித்தான். பூனைக்கு அந்தத் தொழிற்சாலை போதாது. வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும். கடை எது? இறைச்சி, மீன். முக்கியமாக, ஓய்வில்லாமல் வேலை செய்கிற தசைகளான இருதயமும் கால் சதையும். அரிசி, பருப்பு, காய்கறி எதிலும் டாரின் கிடையாது. பாலில் இருப்பது கைச்செலவுக்குக் காணாது.

டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை தேயும் என்று 1975ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இருதயமும் பெருத்துப் போகும் என்று 1987ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அந்த 1987 விஷயத்தில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சீக்கு வந்த பூனைகள் தயிர் சாதப் பூனைகள் அல்ல. பெரிய கம்பெனிகள் தயாரித்த டப்பா உணவைச் சாப்பிட்ட பூனைகள்! ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தவர்களுக்கே கணக்கு இடித்திருக்கிறது. அதன் பிறகு டப்பாக்களில் டாரினைக் கூட்டினார்கள். அந்த வகை இருதய நோய் மளமளவென்று குறைந்தது. அதே ஆராய்ச்சியில் ஒரு நல்ல சேதியும் இருந்தது. டாரின் கொடுத்தால் பெருத்த இருதயம் திரும்பிச் சரியாக வாய்ப்புண்டு. ஆனால், தேய்ந்த விழித்திரை? போனது போனதுதான்.

இப்போது பாட்டி வீட்டுக்கு வருவோம். அந்தப் பூனை மட்டும் எப்படிப் பதினாலு வருஷம் இருந்தது?

அந்தக் காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். நெல் குதிர், ஓட்டுக் கூரை, கொல்லைப்புறம். எங்கள் ஊர் நெசவாளர் வீடு என்றால் பாவுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சி வேறு. எலிகளுக்குக் கல்யாண வீடு! பூனையை வைத்திருந்ததே அதற்காகத்தான். பாட்டி மத்தியானம் போட்ட தயிர் சாதம் அதன் சம்பளம். ராத்திரி பரண் மேலே பிடித்த எலி கிம்பளம். சில சர்க்கார் ஆபீசர்களைப் போலவே அந்தப் பூனையும் கிம்பளத்தில்தான் கொழுத்தது. சம்பளம் சும்மா கணக்குக் காட்ட! பாட்டி தன் கையால் போட்டதை மட்டும் எழுதி வைத்தாள். பரண் மேல் நடந்த வரவு அவள் பேரேட்டில் ஏறவே இல்லை.

எலியை லேசாக நினைக்காதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மிச்சத்தில் பாதிக்கு மேல் புரதம். எலும்பில் கால்சியம், ஈரலில் வைட்டமின் ஏ, இருதயத்தில் டாரின், கொஞ்சம் கொழுப்பு. ஒரு சுண்டெலி சுமார் 30 கலோரி. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். எட்டு சுண்டெலி பிடித்தால் அன்றைய ஐந்தொகை டாண் என்று டாலி ஆகிவிடும். ஆடிட்டர் தேவையில்லை!

எங்கள் ஜரிகைக்குப் பரணும் இல்லை, எலியும் இல்லை. கான்க்ரீட் வீடு, மூடிய ஜன்னல். சம்பளத்தை மட்டும் நம்பிப் பிழைத்த நேர்மையான பூனை. அதற்குத்தான் இந்த தண்டனை.

'நாமெல்லாம் சைவமா நல்லா இல்லையா? அவன் மட்டும் ஏன் இருக்கக் கூடாது?' என்று அம்மா கேட்டாள். எங்கள் வீட்டில் முட்டை கூட வாசற்படி தாண்டியதில்லை. அம்மாவை மாமல்லபுரம் கூட்டிப் போனது ஞாபகம் வந்தது. அங்கே அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தவம் செய்யும். காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கும். ஏழாம் நூற்றாண்டிலேயே, காஞ்சியில் இருந்து ஆண்ட பல்லவர்களின் சிற்பிக்கு 'சைவப் பூனை' என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. நாம் பார்த்துச் சிரித்துவிட்டு வந்து, வீட்டுப் பூனையை நிஜமாகவே தவத்துக்கு உட்கார வைக்கிறோம்!

பூனையின் உடம்புக்கு இறைச்சி ருசி அல்ல, கட்டாயம். கேரட்டிலும் பூசணியிலும் இருக்கிற பீட்டா கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனைக்கு அது தெரியாது. வெயிலில் நின்றால் நமக்கு வைட்டமின் டி கிடைக்கும். பூனை காஞ்சிபுரத்து மே மாச வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தாலும் தேவையான அளவு கிடைக்காது. அது சும்மா சுகத்துக்குப் படுத்திருக்கிறது! அமெரிக்காவில் தீவனத் தரம் நிர்ணயிக்கிற அமைப்பின் விதிப்படி, தண்ணீர் நீக்கிய உணவில் வளர்ந்த நாய்க்கு 18 சதவிகிதம் புரதம் போதும்; பூனைக்குக் குறைந்தது 26 சதவிகிதம். தயிர் சாதம் அந்த அளவை எட்டிக்கூடத் தொடாது.

சர்க்கரைப் பொங்கல் சமாசாரம் இதைவிடப் பரிதாபம். பூனைக்கு இனிப்பே தெரியாது! நாக்கில் இனிப்பை உணர்வதற்கான ஜீன் பழுதாகிக் கிடக்கிறது என்று ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆராய்ச்சி மையத்தினர் 2005ல் கண்டுபிடித்தார்கள். பெரியம்மா பார்த்துப் பார்த்துப் போட்ட வெல்லமெல்லாம் வீண். ஜரிகை நக்கியது நெய்யை மட்டும்தான்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, 'முழுமையான சரிவிகித உணவு' என்று போட்டிருக்கிற நல்ல பாக்கெட்டை வாங்கிப் போடுவது. சுலபம். இன்னொன்று, வீட்டில் சமைப்பது. ஜரிகை பாக்கெட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுகிற பாவனையில் தரையைப் பிறாண்டினான். ஆக, இரண்டாவது வழி.

கோழிக் கடையில் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. முந்தின நாள்தான் தெருவில் சிவராத்திரி வசூலுக்கு ரசீது எழுதியவன் நான். தெரிந்த முகம் யாராவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன், 'பாய்... இருதயம் இருக்கா?'

'இருதயம் இல்லாமலா சார் இந்த ஊர்ல கடன் கொடுத்து வியாபாரம் பண்றேன்?' என்றார்.

விஷயத்தைச் சொன்னதும், இருதயமும் ஈரலும் தனித் தனியாகக் கட்டிக் கொடுத்தார். நான் வீடு வந்து சேர்வதற்குள் சேதி சேர்ந்துவிட்டது. எதிர் வீட்டு அண்ணன், 'டாக்டர் சொன்னாராமே? உடம்புக்கு என்ன தம்பி?' என்று அக்கறையாக விசாரித்தார்.

அம்மா நிபந்தனைகளோடு சம்மதித்தாள். அடுப்படிக்குள் வரக் கூடாது. புழக்கடையில் தனி மின் அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. ஃப்ரிட்ஜும் தனி. செகண்ட்ஹாண்டில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வாங்கினேன். என் மனைவி, 'என்னங்க, தனிக்குடித்தனம் பூனைக்கு மட்டும்தானா?' என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

ஜரிகைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு வாரக் கணக்கு இது. தோல், எலும்பு நீக்கிய கோழித் தொடைக் கறி 1 கிலோ. இருதயம் 100 கிராம். ஈரல் 50 கிராம். அதற்கு மேல் ஒரு துண்டு கூடாது. ஈரலில் வைட்டமின் ஏ அபாரம். அளவு மிஞ்சினால் கழுத்தெலும்பும் முதுகெலும்பும் இறுகிப் போகும். முட்டை இரண்டு, வேக வைத்து. தண்ணீரைக் குறைவாக விட்டு வேக வைத்து, அந்தத் தண்ணீரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். டாரின் தண்ணீரில் கரைகிற சரக்கு. வடித்துக் கொட்டினால் முதலே சாக்கடையில் போகும்.

அப்புறம் கால்சியம். பி.காம். காரன் ரசித்த இடம் இதுதான். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் இல்லவே இல்லை என்கிற அளவு. மேலே சொன்ன கணக்கில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 2.2 கிராம், கால்சியம் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டும் சமமாகவோ, கால்சியம் சற்று அதிகமாகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து கடன் வாங்கும். வெறும் கறியை மட்டும் தின்று வளர்கிற குட்டிகளுக்குத் தாவும்போதே எலும்பு முறிவது இதனால்தான். தீர்வு, முட்டை ஓடு! கழுவிக் காய வைத்து, மைதா மாதிரி பொடித்து 7 கிராம் சேர்த்தால், அதில் கால்சியம் சுமார் 2.7 கிராம். பற்றும் வரவும் நேராகிவிட்டது. எங்கள் தெருவில் கிராம் சுத்தமாக எடை போட டிஜிட்டல் தராசுக்குப் பஞ்சமில்லை. பட்டையும் ஜரிகையையும் நிறுத்த தராசில் முட்டை ஓட்டை நிறுத்துக் கொடுத்தார் எதிர் வீட்டு அண்ணன். 'சேலைக்கு ஜரிகை எடை போட்டிருக்கேன். ஜரிகைக்கே எடை போடறது இதான் முதல் தடவை' என்றார்.

இவ்வளவுக்குப் பிறகும் டாலி ஆகாது. துத்தநாகம், மாங்கனீஸ், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் இடிக்கும். அதற்கு டாக்டர் கொடுத்த பொடியும், தனியாக டாரினும் ஆறிய பிறகு கலக்க வேண்டும். அந்தப் பொடி ரொம்ப முக்கியம். 2019ல் அதே டேவிஸ் பல்கலைக்கழகத்தார் புத்தகங்களிலும் இன்டர்நெட்டிலும் இருந்து பூனைக்கான 114 சமையல் குறிப்புகளைத் திரட்டினார்கள். அளவு விவரம் சரியாக இருந்து கணக்குப் போட முடிந்தது 94. அவற்றில் எத்தனை எல்லாச் சத்தும் நிறைந்தவை தெரியுமா? பூஜ்யம்! அதனால் சொல்கிறேன், என் கணக்கைக் கத்தரித்து வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பூனையின் எடை வேறு, வயசு வேறு, சிறுநீரகம் வேறு. சென்னை வேப்பேரியில் 1903ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் நம்பகமான டாக்டர்கள் இருக்கிறார்கள். கேட்டுச் செய்யுங்கள்.

கேட்காமலே தவிர்க்க வேண்டியவை சில. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாம்பார் சாதம் கூடவே கூடாது. பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் இருக்கிற ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். வேக வைத்தால் அந்த நொதி செத்துப் போகும். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காது. 'பசித்தால் தானாகச் சாப்பிடும்' என்று பட்டினி போடவும் கூடாது. இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். பரம்பரை சைவமான எங்கள் ஜரிகைக்குத் தயிர் சாதத்தில் ஒரு ஸ்பூன் கறி என்று ஆரம்பித்து, கறியில் ஒரு ஸ்பூன் தயிர் சாதம் என்று முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

வைஷ்ணவ தத்துவத்தில் குரங்குக் குட்டி நியாயம், பூனைக் குட்டி நியாயம் என்று இரண்டு உண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பூனைக் குட்டி எதுவும் செய்யாது; தாய் வாயில் கவ்விப் போகிற இடத்துக்குப் போகும். சின்ன காஞ்சிபுரத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த வாதம் நடந்திருக்கிறது. கடவுள் விஷயத்தில் எது சரி என்று சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. கதவைச் சாத்தி நாம் வளர்க்கிற பூனை விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேட்டையை நிறுத்தியது நாம். அப்புறம் தட்டில் விழுகிறதுதான் அதற்கு உலகம். சத்துக் குறைந்தாலும் புகார் சொல்லாது, காலை உரசிக்கொண்டுதான் நிற்கும். நஷ்டம் வெளியே தெரிவதற்குள் முதலில் பாதி போயிருக்கும்.

நாலு மாசம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஜரிகையின் இருதயம் ஏறக்குறைய சரியான அளவுக்கு வந்துவிட்டது. டாக்டர் முகத்தில் சிரிப்பு. கண் அப்படியேதான் இருக்கிறது. இன்னும் மோசமாகவில்லை, அவ்வளவே. ஜன்னல் திண்டுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். அதை மீசையால் தொட்டுப் பார்த்து, ஏறி, அப்புறம் திண்டுக்குப் போகிறான்.

பெரியம்மா வாரா வாரம் போன் செய்கிறார். 'தயிர் சாதம் ஒழுங்கா சாப்பிடறானாப்பா?' தான் சாப்பிடுவதற்கு முன்னால் அவனுக்குப் பிசைந்து வைத்த கை அது. அன்பில் ஒரு பைசா குறை வைக்கவில்லை. குறைந்தது, அவர் கேள்வியே பட்டிராத ஏதோ ஒரு அமிலம். எழுபது வயசில் அவரிடம் கண்ணைப் பற்றிச் சொல்லி என்ன லாபம்? 'நல்லா சாப்பிடறான் பெரியம்மா' என்கிறேன். அதில் பொய் இல்லையே.

போன வாரம் நான் தடுமாறுவதைப் பார்த்து அம்மாவே போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

'நீ கவலையே படாதே. இந்த வீட்டுல நிறுத்து, அளந்து, கணக்கா சாப்பிடறது அவன் ஒருத்தன்தான். என் புள்ளையோட தொப்பையைப் பத்திதான் யாரும் போன் பண்ணிக் கேக்க மாட்டேங்கறாங்க!'